வெளிநாடு போனவரின் வீட்டில் ஒரு பைல்: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஒழுங்கையில் யாராவது மத்திய கிழக்குக்குப் புறப்பட்டால் ஒரு கிழமைக்கு முன்பே பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். மிளகாய்த்தூள், கருவாடு, சீத்தைத் துணி, அம்மன் கோயில் திருநீறு. கடைசியில் பாஸ்போர்ட், ஒப்பந்தம், பதிவுச் சீட்டு எல்லாமும் அதே பெட்டிக்குள் போய்விடும். ஆறு மாதம் கழித்து போன் வராமல் நின்றால், வீட்டில் இருப்பவரிடம் மிஞ்சுவது ஒரு வட்ஸ்அப் இலக்கமும் ஏஜெண்டின் பெயரும்தான். அந்தப் பெயரும் ஊரார் கூப்பிடும் பெயராக இருக்கும், அடையாள அட்டையில் உள்ள பெயராக இருக்காது.

நான் சட்டத்தரணி இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாகக் களுவாஞ்சிக்குடிப் பக்கம் அயலவர்களுக்குக் கடிதமும் முறைப்பாடும் எழுதிக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சட்டம் இல்லாததால் தோற்ற குடும்பங்களை விட, வீட்டில் ஒரு போட்டோ கொப்பி இல்லாததால் தோற்ற குடும்பங்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டி ஒரு பைலில் இருந்து தொடங்குகிறது.

முதல் படி: புறப்படுவதற்கு முன் பைல்

சந்தைக் கடையில் விற்கும் சாதாரண பிளாஸ்டிக் பைல் போதும். அதற்குள் இவை இருக்க வேண்டும்: பாஸ்போர்ட்டின் படமுள்ள பக்கமும் விசா ஒட்டிய பக்கமும், அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், வேலை ஒப்பந்தம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த சீட்டு, விமான டிக்கெட், வீட்டு எஜமானின் பெயர், நகரம், தொலைபேசி இலக்கம். ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி வையுங்கள். ஊரில் ஆள் பிடித்துக் கொடுத்தவரின் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும். கேட்க வெட்கமாக இருந்தால், அவர் காசு கொடுக்க வரும் நாளில் ஒரு ரசீதில் கையெழுத்துக் கேளுங்கள், பெயர் தானாக வந்துவிடும்.

காசு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுப் பணிப்பெண் வேலைக்குப் போகிறவர்களுக்குப் புறப்படும் முன்பே கையில் ஒரு தொகை கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. குடும்பத்துக்கு அது பெரிய காசு. ஆனால் அதை வாங்கிய பிறகு, 'போகப் பிடிக்கவில்லை' என்று சொல்ல முடியாத நிலைக்குப் பல பெண்கள் வந்துவிடுகிறார்கள். காசைத் திருப்பித் தா, இல்லாவிட்டால் பாஸ்போர்ட் தர மாட்டேன் என்பார்கள். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கும் உரிமை எந்த ஏஜெண்டுக்கும் இல்லை. அதைத் தர மறுத்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம்.

பணியகம், 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. ஊரில் பியூரோ என்பார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் சேர்ப்பது அந்தச் சட்டத்தில் குற்றம். ஓர் ஏஜென்சியின் அனுமதி நடப்பில் இருக்கிறதா என்பதை 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். அந்த இலக்கம் 24 மணி நேரமும் இயங்குவது. பதிவின் கூடவே ஒரு காப்புறுதி வருகிறது. அதனால்தான் பதிவுச் சீட்டை அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

விசிட் விசாவில் ஏற்றுகிறேன், அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றிவிடலாம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அப்படிப் போனவருக்குப் பதிவும் இல்லை, காப்புறுதியும் இல்லை. ஓமானுக்கு இப்படி அனுப்பப்பட்டுச் சிக்கிய பெண்களின் கதை 2022 இல் பத்திரிகைகளில் வந்தது. ஏமாற்றியோ வற்புறுத்தியோ சுரண்டலுக்கு அனுப்புவது தண்டனைச் சட்டக்கோவையின் 360சி பிரிவில் ஆட்கடத்தல். அனுப்பப்பட்டவர் தானே விரும்பிப் புறப்பட்டார் என்பதை மட்டும் வைத்து அனுப்பியவன் தப்பிவிட முடியாது.

வயதை மாற்றிப் பாஸ்போர்ட் எடுப்பதைப் பற்றிச் சொல்லும்போது எங்களுக்கு ஒரே ஒரு பெயர்தான் ஞாபகம் வரும். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக். 1988 இல் பிறந்தவருக்கு 1982 என்று பாஸ்போர்ட்டில் எழுதி 2005 இல் சவூதிக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் பராமரித்த கைக்குழந்தை இறந்த வழக்கில், 2013 ஜனவரியில் அவருடைய தலை வெட்டப்பட்டது. குழந்தை இறந்தபோது அவர் பதினெட்டு நிரம்பாதவர் என்ற வாதம் அந்தப் பாஸ்போர்ட் திகதியில் முட்டிக்கொண்டு நின்றது. மகளின் பிறப்புச் சான்றிதழில் உள்ள வருடமும் பாஸ்போர்ட்டில் உள்ள வருடமும் ஒன்றுதானா என்று ஒரு தடவை கையால் தொட்டுப் பாருங்கள்.

கடைசியாக, பைலில் உள்ள எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இரண்டு பேருடைய வட்ஸ்அப்பில் போட்டு வையுங்கள். எங்கள் பக்கம் வெள்ளம் வரும், ஓலை கசியும், கறையான் அரிக்கும்.

இரண்டாம் படி: பிள்ளைகள்

மட்டக்களப்பில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் தாய் வெளிநாடு போனால் பிள்ளைகள் அம்மம்மாவின் கையில் இருப்பது இங்கே சாதாரணம். வழக்கம் நல்லதுதான், ஆனால் பாடசாலையோ ஆஸ்பத்திரியோ அம்மம்மாவைப் பாதுகாவலர் என்று எழுத்தில் எதிர்பார்க்கும்.

வெளிநாடு போகும் பெண்ணின் வீட்டு நிலையைச் சொல்லும் குடும்பப் பின்னணி அறிக்கை என்று 2013 இல் ஒன்று வந்தது, 2022 இல் அந்த முறை மாற்றப்பட்டது. எப்படி மாறினாலும் சிறு பிள்ளையை யார் பார்க்கப் போகிறார் என்பதைப் பிரதேச செயலகத்தில் காட்ட வேண்டியிருக்கும். அங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். வெல்லாவெளிக்காரர் வெல்லாவெளிக்கும், திருக்கோவில்காரர் திருக்கோவிலுக்கும் போனால் சரி. அவரிடம் பேசும்போதே அம்மம்மாவின் பெயரைப் பாதுகாவலராகப் பதியச் சொல்லுங்கள். தாய் கையெழுத்திட்ட ஒரு சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன்னால் செய்து பைலில் போடுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, பாடசாலை அனுமதிக் கடிதம் எல்லாம் இதே பைலில்.

அதே பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் நிற்கிறது, வீட்டில் அடி உதை, அதைவிடக் கெட்டது ஏதும் சந்தேகம் என்றால் அவர்களிடமோ சிறுவர் உதவி இலக்கமான 1929 இலோ சொல்லலாம். சொல்பவர் உறவினராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும் போதும். ஊரில் பேசிவிடுவார்கள் என்று மறைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

பதிவு செய்து போனவர்களின் பிள்ளைகளுக்குப் பணியகம் புலமைப்பரிசில் கொடுக்கிறது. ஐந்தாம் ஆண்டு, சாதாரண தரம், உயர்தரம் என்று பெறுபேற்றைப் பார்த்துத் தருவார்கள். கேட்பவர் குறைவு. விண்ணப்பத்துக்கு மறுபடியும் அந்தப் பதிவுச் சீட்டுத்தான்.

மூன்றாம் படி: காசும் காணியும்

சுருக்கமாகச் சொல்கிறேன். போகிறவர் தன் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்திருக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு வேறொரு கணக்கு. இரண்டையும் கலந்து கணவரின் பெயரில் போட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து பூச்சியம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வங்கிக்கு வெளியே ஆள் மூலம் உண்டியலில் அனுப்பினால் ஒரு ரூபாய் அதிகமாகக் கிடைக்கலாம், ஆனால் அனுப்பியதற்குக் கடதாசி இருக்காது. சம்பளம் வரவில்லை என்று வழக்கு வந்தால் வங்கிப் புத்தகம்தான் சாட்சி.

காணியில் வேலை இருந்தால் போகும் முன்பே நம்பகமான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதி வையுங்கள். எந்தக் காணி, எந்த வேலை என்று வரையறுத்து எழுதுங்கள். 'எல்லா அதிகாரமும்' என்று எழுதிக் கொடுத்தால் வீட்டையே விற்க வழி திறந்துவிடும். படுவான்கரைப் பக்கம் பேர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: பேர்மிட்டின் பின்னுரித்து, அதாவது உரியவருக்குப் பிறகு காணி யாருக்கு என்பது, முன்பு மூத்த ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்தது, 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது. பின்னுரித்தாளரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: போன் நின்றுவிட்டால்

இங்கேதான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. முதலில் ஊர் ஏஜெண்டைத் தேடிப் போவார்கள். அவர் 'நாளைக்குப் பேச வைக்கிறேன்' என்பார். நாளை என்பது மூன்று மாதமாகும். என் சின்னம்மா குவைத்தில் இருந்தபோது எங்களுக்கும் இதுதான் நடந்தது. ஏஜெண்டின் வீட்டு முற்றத்தில் எத்தனை தேத்தண்ணி குடித்திருப்போம் என்று கணக்கில்லை. ஒரு நாள் எங்கள் அப்பு எரிச்சலில் எழும்பி, 'இவனிட்டக் கேட்டது போதும், எழுதிக் கேட்பம்' என்றார். அப்போதுதான் விஷயம் நகர்ந்தது.

எழுதிக் கேட்பது என்றால் இப்படி. ஒரு வெள்ளைத் தாளில் திகதி போட்டு நடந்ததை வரிசையாக எழுதுங்கள்: எப்போது போனார், எந்த ஏஜென்சி, கடைசியாக எப்போது பேசினார், என்ன சொன்னார், எத்தனை மாதச் சம்பளம் வரவில்லை. கடைசிக் குரல் பதிவை அழித்துவிடாதீர்கள், அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முடிவில் ஒரே வரியில் சொல்லுங்கள்: ஆளைத் திருப்பி அழைக்க வேண்டுமா, சம்பளம் வாங்கித் தர வேண்டுமா, பேச வைத்தால் போதுமா. இந்த வரி இல்லாத முறைப்பாடு கோவையிலேயே தூங்கும். பாஸ்போர்ட் கொப்பி, ஒப்பந்தம், பதிவுச் சீட்டு ஆகியவற்றை இணையுங்கள். இப்போது பைல் எதற்கு என்று தெரிகிறது அல்லவா?

அந்த முறைப்பாட்டைப் பிரதேச செயலகத்தின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தர் மூலம் அனுப்பலாம், நேரடியாகப் பத்தரமுல்லையில் உள்ள பணியகத்தின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், 1989 க்குச் சொல்லலாம். நான் மூன்றையும் செய்யச் சொல்வேன். முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் போனை வைக்காதீர்கள். பணியகம் ஏஜென்சியைக் கூப்பிட்டு விசாரிக்கும், அந்த நாட்டுத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்கும் எழுதும். ஆளை அனுப்பிய ஏஜென்சிக்கு, அவர் வேலை செய்யும் காலத்தில் பொறுப்பு உண்டு. 'விமானம் ஏறியதோடு எங்கள் வேலை முடிந்தது' என்று அவர்கள் சொன்னால் அதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டாம்.

பதிவு இல்லாமல் போனவரின் குடும்பம் பயந்து பேசாமல் இருக்கும். அது தேவையில்லாத பயம். காப்புறுதி கிடைக்காது, உண்மை. ஆனால் இலங்கைக் குடிமகள் என்ற முறையில் தூதரகத்தின் உதவியைக் கேட்கும் உரிமை பதிவில் தங்கியிருக்கவில்லை. அடி, பட்டினி, பாலியல் தொந்தரவு என்றால் தூதரகத்துக்கு ஓடிவரச் சொல்லுங்கள். சில தூதரகங்களில் தங்குமிடமும் இருக்கிறது. தனியாகத் தெருவில் ஓடுவது ஆபத்து. முடிந்தால் போவதற்கு முன் தூதரகத்துக்குப் போன் செய்துவிட்டுப் போக வேண்டும்.

போன இடத்துச் சட்டமும் வெறுமனே எஜமானின் பக்கம் இல்லை. குவைத்தில் 2015 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கச் சட்டப்படி வீட்டுப் பணியாளருக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு, வருடத்தில் 30 நாள் சம்பளத்துடன் விடுமுறை, வேலை முடியும்போது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். எஜமான் பாஸ்போர்ட்டை வாங்கி வைக்கக் கூடாது. கத்தாரில் 2017 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் 10 மணி நேரம் என்கிறது. நடைமுறையில் இவை மீறப்படுவது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் முறைப்பாட்டில் சட்ட இலக்கத்தை எழுதும்போது கடிதத்தைப் படிப்பவரின் கண் கொஞ்சம் நிற்கும்.

இரண்டு மாதம் பதில் இல்லையென்றால்? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கள். 'எனது இன்ன இலக்க முறைப்பாட்டின் மீது இதுவரை எடுத்த நடவடிக்கை என்ன, தூதரகத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதி வேண்டும்' என்று தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்தாக வேண்டும். தூங்கிய கோவை இப்படி எழும்பியதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. இரவுக் கோச்சியில் கொழும்புக்குப் போய், சிங்களப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் யாரிடமோ கெஞ்சி நிரப்பிய ஆட்கள் நாங்கள். தமிழ்ப் படிவம் கேட்டால் எரிச்சலோடு என்றாலும் மேசைக்குக் கீழே இருந்து எடுத்துத் தருவார்கள்.

அலுவலர் முறைப்பாட்டை வாங்கவே மறுத்தால், பாரபட்சமாக நடத்தினால், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அவசர இலக்கம் 1996. ஒரு மாதத்துக்குள் போய்விடுங்கள். அடிப்படை உரிமை வழக்கை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது விதி. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

ஐந்தாம் படி: பெட்டியில் வந்தால்

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். மரணச் செய்தி வந்தால் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கும் பணியகத்துக்கும் உடனே அறிவியுங்கள். சடலத்தைக் கொண்டுவருவதா, அங்கேயே அடக்குவதா என்று நெருங்கிய உறவினரிடம் எழுத்தில் கேட்பார்கள். அவசரத்தில் கொடுக்கும் எந்தக் கடதாசியிலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி அதற்குள் ஒளிந்திருக்கலாம்.

மரணத்துக்கான காரணத்தில் சந்தேகம் இருந்தால் சடலம் கட்டுநாயக்கவில் இறங்கியதும் இங்கே சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனையைக் கேளுங்கள். அடக்கம் செய்த பிறகு கேட்டால் நீதிமன்றம் போய்த் தோண்டத்தான் வேண்டும். பாக்கிச் சம்பளம், இழப்பீடு, காப்புறுதி மூன்றும் தனித்தனி. ஒன்று கிடைத்ததும் மற்ற இரண்டையும் விட்டுவிடுபவர்கள் உண்டு.

ஆறாம் படி: திரும்பி வந்தவரும் அங்கே பிறந்த பிள்ளையும்

நொந்து வருகிறவர் விமான நிலையத்தில் இறங்கியவுடன் நேரே பஸ் ஏற வேண்டியதில்லை. பணியகத்தின் 'சஹன பியச' என்ற தங்குமிடம் கட்டுநாயக்கப் பக்கம் இருக்கிறது. அங்கேயே முறைப்பாட்டையும் பதியலாம். காயம் இருந்தால் ஊருக்கு வரும் முன்பே வைத்தியரிடம் காட்டிப் பதிவு செய்வது முக்கியம். வீட்டுக்கு வந்து எண்ணெய் தடவி ஆற்றிய பிறகு சாட்சி இருக்காது.

கைக்குழந்தையோடு வருகிற பெண்ணைப் பார்த்து ஊர் என்ன பேசும் என்று சொல்லத் தேவையில்லை. சட்டம் ஊரை விட நிதானமாகப் பேசுகிறது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தில் முன்பு தந்தை வழிதான் பிரஜாவுரிமை வந்தது. 2003 திருத்தத்துக்குப் பிறகு தாயின் வழியாகவும் வரும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் அங்குள்ள தூதரகத்திலோ இங்கே கொழும்பிலோ பதிய வேண்டும். காலம் கடந்தாலும் தகுந்த காரணம் காட்டினால் பதியலாம், கதவு மூடப்படவில்லை. 1990 ஆம் ஆண்டுக்குப் பிறகு படகேறிப் போய்த் தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து, பெற்றோருடன் திரும்பிய பிள்ளைகளுக்கும் வழி இதே சட்டம்தான். அந்தப் பதிவு இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அடையாள அட்டை இல்லாமல் பரீட்சையும் இல்லை, வாக்கும் இல்லை.

ஏழாம் படி: வீட்டுக்குள்ளேயே பிரச்சினை என்றால்

போனவர் காசு அனுப்பாமல் விட்டாலும், இங்கே இருப்பவர் பிள்ளைகளைக் கைவிட்டாலும், 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு (பராமரிப்புக் காசு) கேட்கலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாவும் பிள்ளைக்காகக் கேட்கலாம், இது பலருக்குத் தெரியாது. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பங்களின் தாபரிப்பு வழக்கு 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டப்படி காதி நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே சட்டத்தரணி தோன்ற முடியாது, நீங்களே பேச வேண்டும். அதனால் மாதச் செலவைக் கணக்காக எழுதிக்கொண்டு போங்கள்.

அடி உதை என்றால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அவசரத்துக்குப் பொலிஸ் 119. சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானச் சான்றுக்குக் கிராம சேவகரின் கடிதத்தைக் கொண்டு போனால் ஒரு நடை மிச்சம்.

அலுவலகத்துக்குத் தனியே போகத் தயங்குகிறவர்கள் மட்டக்களப்பின் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தைக் கேட்கலாம். உங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் குறைவாக எடைபோடாதீர்கள். சங்கத்துக் கடிதத் தலைப்பில் போன முறைப்பாட்டுக்கு வந்த வேகமான பதிலை நான் வேறெதற்கும் பார்த்ததில்லை. பத்துப் பெண்கள் சேர்ந்து போய் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே உத்தியோகத்தர் கதிரைக்கு வந்துவிடுவார்.

பைலின் முதல் பக்கத்தில் 1989, 1938, 1929, 1996, 119 என்று ஐந்து இலக்கங்களையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அம்மம்மாவுக்கு வாசிக்க வராது என்றால் மூத்த பேரப்பிள்ளையிடம் பைல் இருக்கும் இடத்தைக் காட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் அது சாமித்தட்டுக்குப் பின்னால், சின்னம்மா திரும்பி வந்து எட்டு வருடமாகியும் அங்கேயேதான் இருக்கிறது.